தமிழில் விழித்த மடிக்கணினி

இதைச் சொல்ல இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் பழைய மடிக்கணினிக்கு ஈப்போ நகரக் கடையொன்றின் சீன முதலாளி இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் ஒன்றைப் போட்டுத் தந்தார். வீட்டில் திறந்தால் ‘கோப்புகள்’, ‘அமைப்புகள்’ என்று எல்லாமே தமிழ்! ஓசியில் கொடுத்தால் இப்படித்தான் என்று கோபம் வந்தது. மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய், முதலாளியைப் பிடித்தேன்.

“என்னலா தவுக்கே இது? இங்கிலீஷுக்கு மாத்துங்க.”

அவர் மலாய் மொழியில் கேட்டார்: “உங்க ஃபைல் எல்லாம் தமிழ்தானே? அதான் போட்டேன்.” ஒன்றைத் திறந்தும் காட்டினார்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கச் செயலாளராக வருடந்தோறும் நான் எழுதும் கடிதம்: ‘உங்கள் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கே அனுப்புங்கள்.’

“மாத்தவா?”

“வேணாம்லா.”

ஒரு வாரம் தடுமாறினேன், பழகிவிட்டது. இந்த வருடக் கடிதத்தை அதில்தான் எழுதினேன். பிள்ளைகளை அனுப்பச் சொல்வதற்கு முன், முதல் பத்தியில் இந்தச் சங்கதியை ஒப்புக்கொண்டேன்.