விற்காதே என்றவர்

அன்று காலை கடையில் இருந்தவர்கள்: வங்கியில் ஓய்வுபெற்ற கணேசன் சார், லேக் கார்டன்ஸிலிருந்து வரும் அவர் நண்பர் ராகவன் சார், கல்லாவில் என் மனைவி செல்வி, தோசைக்கல் முன்னால் நான். லேக் மார்க்கெட்டில் எங்களுக்குச் சின்ன இட்லிக் கடை.

ஒரு வருடமாக இருவரும் காபி குடித்தபடி ஷேர் விலை ஏறுவதைப் பேசி வந்தார்கள். கேட்டவர்கள் எல்லாரும் வாங்கினார்கள். கணேசன் சார் சொன்ன சின்னக் கம்பெனியில் நானும் ஒன்றரை லட்சம் போட்டேன். பூஜை விடுமுறை முடிந்ததும் செல்வியின் முழங்காலுக்கு ஆபரேஷன். அதற்கு வைத்திருந்த பணம் அது.

பிறகு விலை இறங்கத் தொடங்கியது. விற்கலாமா என்று கணேசன் சாரிடம் தினமும் கேட்டேன். "திரும்ப ஏறும்ப்பா. யாரும் விக்காதீங்க" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அன்று ராகவன் சார் வாய் தவறிச் சொல்லிவிட்டார். "நல்லவேளை கணேசா, நேத்தோட நம்ம ஷேர் பூரா வித்து முடிச்சோம்."

நான் கரண்டியை வைத்தேன். "நேத்துகூட விக்காதேன்னீங்களே சார்?"

கணேசன் சார் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "உன்கிட்ட சொன்னா கடை பூரா தெரிஞ்சிடும். எல்லாரும் விக்க வந்தா வாங்குறது யாரு?"

"என் காலுக்கு வச்ச பணம்னு தெரியுமில்ல உங்களுக்கு?" என்றாள் செல்வி.

"மார்க்கெட்னா அப்படித்தாம்மா. இன்னொரு காபி குடு."

"உங்களுக்கு இங்க இனிமே காபி கிடையாது" என்றேன்.

ஆசைப்பட்டது நான்தான். விலை இறங்கியதில் எனக்குக் கோபமில்லை. தான் தப்பிப்பதற்காக எங்களை நகரவிடாமல் உட்கார வைத்தார். அந்தக் கோபம் இன்றும் ஆறவில்லை.

அன்று மத்தியானமே விற்றேன். கைக்கு வந்தது முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.