சிவப்புப் பொட்டு வைத்த பீங்கான்கள்

போன கிழமை ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தன் கல்யாணத்துக்குப் பீங்கான் பார்க்க கனடாவில், ஸ்காபரோவில் உள்ள என் வீட்டுக் கராஜுக்கு வந்தாள். நல்ல பிள்ளை, சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றினாள். பொன்விளிம்பு போட்ட ஒரேமாதிரிப் பீங்கான்களைத் துடைத்து மேசை நிறைய அடுக்கி வைத்திருந்தேன். அவள் அவற்றைப் பார்த்துவிட்டு, "ஒன்றோடொன்று சேராத மாதிரி ஏதும் இல்லையா? விளிம்பு கொஞ்சம் உடைந்திருந்தால் இன்னும் நல்லது" என்றாள். விளிம்பு உடைந்த கோப்பையில் விருந்தாளிக்குத் தேத்தண்ணி கொடுத்தால் அந்தக் கதை அடுத்த தலைமுறைக் கல்யாணம்வரை நடந்து போகும் ஊரில் பிறந்தவள் நான். வெட்கத்தோடு, கழித்துவைத்த பெட்டியைத் திறந்து காட்டினேன். கைதட்டாத குறையாகச் சந்தோசப்பட்டாள். "இவை யாருடையவை?" என்று கேட்டாள். "செத்தவர்களுடையவை" என்று உள்ளதைச் சொன்னேன். இங்கே வயதானவர்கள் செத்தால் பிள்ளைகள் வீட்டுச் சாமானை முற்றத்தில் பரப்பி விற்பார்கள், நான் அங்கேதான் வாங்குவது. அவளோ என் ஆட்கள் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து என்னைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னாள். நானும் விளங்கப்படுத்தப் போகவில்லை. ஓசியில் கிடைக்கிற ஆறுதலை வேண்டாமென்று சொல்ல எனக்கென்ன விசரா?

இதுதான் என் தொழில். பழைய பீங்கான், பழைய கண்ணாடிக் குவளை, வெள்ளிக் கரண்டி எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் வாடகைக்குக் கொடுத்து, மேசையையும் நானே அலங்கரித்துவிட்டு வருவேன். வின்ரேஜ் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் இந்த நாட்டில் பழைய சாமானுக்குப் புதுச் சாமானைவிட மரியாதை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நான் காட்டாத பெட்டி ஒன்று கராஜின் மூலையில் இருக்கிறது. அதற்குள் இருப்பவை செத்தவர்களின் பீங்கான்கள் அல்ல. அவற்றில் சாப்பிட்டவள் எங்கள் தீவில், இறுப்பிட்டியில் நல்ல சுகத்தோடு இருக்கிறாள், இந்நேரம் மீன் பொரித்துக்கொண்டிருப்பாள். அவள் என் அண்ணையின் மனைவி, வதனி மச்சாள். அவளும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். அவளைப் பற்றி எரிச்சலில்லாமல் எழுத எனக்கு ஏலாது. முயற்சி செய்து பார்த்துவிட்டேன்.

அந்தப் பன்னிரண்டு பீங்கான்களும் அப்பா கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தவை. வெள்ளையில் நீலப்பூக் கொடி, நடுவில் ஒரு சின்னக் குருவி. அம்மா அவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் மச்சம் வேறு, சைவம் வேறு. மீனும் இறைச்சியும் மச்சம். அதைச் சாப்பிட இனாமல் தட்டுகள் இருந்தன. நீலப்பூப் பீங்கான் சைவத்துக்கு மட்டும்தான், அதுவும் பெரிய மனிசர் யாரும் வந்தால் மட்டும்தான். பெரிய மனிசர் எழும்பிப் போனதும் அம்மா தானே கழுவித் துடைத்துத் திரும்பப் பூட்டுவாள். நான் அந்தக் குருவியின் மேல் ஒருநாளும் சோறு போட்டுச் சாப்பிட்டதில்லை. பிறகு நாட்டில் சண்டை வந்தது. தீவை விட்டு எல்லாரையும் போகச் சொன்னபோது அண்ணை அவற்றைச் சாக்கில் கட்டிக் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தான். நாங்கள் இடம்பெயர்ந்தோம், நான் கனடாவுக்கு வந்தேன், அப்பாவும் அம்மாவும் வேறு வேறு ஊர்களில் கண்ணை மூடினார்கள். அண்ணை மட்டும் கல்யாணம் கட்டி, ஊருக்குத் திரும்பலாம் என்று சொன்ன முதல் வருடமே மனைவியோடு இறுப்பிட்டிக்குத் திரும்பினான். கிணற்றடியைத் தோண்டியது அவளும்தான். குருவியின் முகத்திலிருந்து மண்ணைத் துடைத்தது அவளுடைய கை. என் வயிற்றெரிச்சல் அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

வட்சப்பில் மச்சாள் படம் அனுப்புவாள். முருங்கை காய்த்த படம், என் மருமகள், அவர்களின் மகள் துளசி சேலை கட்டிய படம். நான் முருங்கையையும் பார்ப்பதில்லை, சேலையையும் பார்ப்பதில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்துப் பின்னால் சமைக்கிற குசினியின் சுவர்த்தட்டில் என் பீங்கான்கள் இருக்கின்றனவா என்று தேடுவேன். இருக்கும். ஒருமுறை ஒரு பீங்கான் கோழிக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தது, அதற்குள் மிச்சச் சோறு. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. யாரோ செத்தவர்களின் பீங்கானை நான் இங்கே பஞ்சால் துடைத்து வைக்க, என் அம்மாவின் பீங்கானில் அங்கே கோழி கொத்துகிறது. குரங்கின் கையில் பூமாலை என்று வாய்விட்டே சொன்னேன். அண்ணைக்கு வீடியோவில் எடுத்து, அவற்றை நான் கனடாவுக்குக் கொண்டுவரப் போகிறேன் என்றேன். "கொண்டு போவன், உன்ரை வீட்டுச் சாமான்தானே" என்றான். பக்கத்தில் மச்சாள் நின்றாள், மூச்சுக் காட்டவில்லை. கொடுக்க மனமில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

துளசியின் எழுத்துக்கு ஊருக்குப் போனேன். எழுத்து என்பது பதிவுக் கல்யாணம். தாலி கட்டு பிறகு நடக்கும். மாப்பிள்ளை காரைநகர்ப் பக்கம், கடும் சைவக் குடும்பம். எழுத்தன்று அவர்கள் பெண்வீட்டுக்கு வந்து, பதிவு முடிந்ததும் மத்தியானம் சாப்பிட்டுப் போவார்கள். குறிகட்டுவான் பஸ்ஸில் யன்னலோரம் இருந்து, இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு போகும்போதே மேசையை மனத்தில் அலங்கரித்துவிட்டேன். பெரியவர்கள் இருக்கும் மேசையில் நீலப்பூப் பீங்கான் பன்னிரண்டும் இருக்கவேண்டும், தீவில் ஒருவரும் அப்படி ஒரு மேசையைக் கண்டிருக்கக் கூடாது. மச்சாளும் காணவேண்டும். கையில் கிடைத்ததின் அருமை அவளுக்குத் தெரியவேண்டும். இதுதான் என் உள்நோக்கம், மறைக்க என்ன இருக்கிறது?

வீட்டுக்குப் போனதும் இன்னும் கொதித்தது. அம்மாவின் அலுமாரி அதே இடத்தில் நின்றது, உள்ளே பளபளவென்று எவர்சில்வர் தட்டுகள். நீலப்பூப் பீங்கான்களோ குசினிச் சுவர்த்தட்டில் மிளகாய்த்தூள் போத்தலுக்குப் பக்கத்தில். ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன், அடியில் சிவப்புப் பெயின்ற்றில் ஒரு பொட்டு. பன்னிரண்டிலும் இருந்தது. கல்யாண வீடுகளுக்கு இரவல் கொடுக்கும்போது மாறிப்போகாமல் இருக்க அடியில் அடையாளம் இடுவது எங்கள் ஊர் வழக்கம். நானும் என் வாடகைச் சாமான்களுக்கு நகப்பூச்சால் அப்படித்தான் வைக்கிறேன். அண்ணை வைத்த எங்கள் வீட்டு அடையாளம் என்று நினைத்தேன், கண் கலங்கியது. பார்த்தாயா, ரத்தம் ரத்தம்தான், அதே யோசனை எனக்கும் வந்திருக்கிறதே என்று பெருமையும் பட்டேன். மச்சாளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் வீட்டுப் பீங்கானைப் பற்றி அவளிடம் நான் கேட்பதா?

எழுத்தன்று காலை மச்சாள் துளசியைக் கூட்டிக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். அந்த நேரத்துக்குத்தான் நான் காத்திருந்தேன். விறாந்தையில் நீள மேசையைப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பனையோலைத் தடுக்குகளின் மேல் பீங்கான்களை வைத்தேன். நடுவில் பித்தளைச் செம்புகளில் பூவரசம்பூவும் வேப்பங்கொழுந்தும். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துப் போனில் படம் எடுத்தார்கள். "கனடாக்காரி கனடாக்காரிதான்" என்றாள் ஒருத்தி. மச்சாள் படலையைத் திறக்கவும் மாப்பிள்ளை வீட்டாரின் வான் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அவள் வந்தவர்களை வரவேற்று, பதிவுக்காரரை அறைக்குள் இருத்தி, நேரே குசினிக்குள் போய்விட்டாள். விறாந்தைப் பக்கம் அவள் திரும்பவேயில்லை.

கையெழுத்து வைத்து முடிந்து பெரியவர்கள் மேசைக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா மேசையின் தலைப்பக்கம் இருந்தார். திருநீற்றுக் குறியும் வெள்ளைச் சேலையுமாக, பார்த்தாலே கையெடுக்கத் தோன்றும் மனுசி. "வடிவான பீங்கான்" என்று சொல்லி, சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைக்க எடுத்தவர், அடியைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் கீழே வைத்தார். "பிள்ளை, எனக்கு ஒரு வாழையிலை தந்தால் காணும்" என்றார். பக்கத்தில் இருந்தவர் தன்னுடையதைக் கவிழ்த்துப் பார்த்தார், அடுத்தவரும் பார்த்தார். மேசை முழுவதும் கைகள் மடிக்குப் போயின. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாம்பார் வாளியோடு நான் நின்ற நிலையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

குசினி வாசலில் மச்சாள் வந்து நின்றாள். மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு கண்வெட்டு நேரம்தான். "பெரியம்மா, குறை நினைக்காதையுங்கோ. காலமை அவசரத்திலை நான்தான் மச்சப் பீங்கானை மாறி எடுத்து வைச்சிட்டன்" என்றாள். பெரியம்மாவின் முகம் இளகியது. "அதுக்கென்ன மோனை, எங்கடை வீட்டிலையும் மச்சத்துக்குச் சிவப்புப் பொட்டுத்தான். கலியாண வீடெண்டால் கை தடுமாறும்தானே" என்றார். அண்ணை வளவுக்குள் ஓடி இலை வெட்டிவந்தான். என் தடுக்குகளும் பூவரசம்பூவும் ஒரு நொடியில் ஒதுங்கின. எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்த பெரியம்மா என்னைப் பார்த்து அன்பாகத்தான் கேட்டார்: "நீங்கள் கனடாவிலையிருந்து வந்தனீங்களோ? எங்கடை வெயில் தாங்குதோ பிள்ளை?" நான் பிறந்த வீட்டு விறாந்தையில் நின்று, தாங்குது என்றேன்.

சனம் போனபிறகு கிணற்றடியில் நானும் மச்சாளும் பீங்கான் கழுவினோம். சாப்பிடாத பீங்கானை ஏன் கழுவினோமோ தெரியாது. "நாங்கள் திரும்பி வரேக்கை வீட்டிலை அந்த வெறும் அலுமாரியைத் தவிர ஒரு கரண்டிகூட இல்லை, மச்சாள்" என்றாள். "இந்தா, இந்த இடத்திலை தோண்டி எடுத்த இந்தப் பன்னிரண்டும்தான். அண்டைக்கு உங்கடை அண்ணை கரைவலைக்காரரிட்டை ஒரு கோர்வை மீன் வாங்கி வந்தார். வேறை எதிலை சாப்பிடுறது? ஒருக்கா மச்சம் பட்டால் பிறகு சாமிக்காரியத்துக்கு எடுக்க மனம் வருமோ? அதுதான் சைக்கிளுக்கு அடிச்ச பெயின்ற்றிலை பொட்டு வைச்சன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் கேக்கேல்லையே."

"அப்ப ஏன் பழியைத் தலையிலை போட்டுக்கொண்டனீங்கள்? வைச்சது நான் எண்டு சொல்லியிருக்கலாமே."

அவள் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். "என்ன மச்சாள் கதைக்கிறியள்? எங்கடை வீட்டிலை நடந்த பிழையை வந்தாக்களிலை போடுறதே?"

வந்தாக்கள், வந்து போகிற விருந்தாளிகள். அவள் மனத்தில் ஒரு கள்ளமும் இல்லை, அது எனக்குத் தெரியும். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பித் திட்டி ஆறியிருப்பேன். எனக்குத் தெரிந்த வீடு, பீங்கான் அலுமாரியில் பூட்டிக்கிடந்த வீடு, எப்போதோ முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இங்கே ஒரு வீடு நடந்திருக்கிறது. வெறும் நிலத்தில் இருந்து, குருவிப் பீங்கானில் முதல் மீன் சாப்பிட்ட அந்த இரவு அவளுடையது. பாதுகாத்து வைத்த வீட்டைவிடச் சாப்பிட்ட வீடு பெரிது என்று அன்றுதான் விளங்கியது. விளங்கியதால் பொறாமை குறைந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். கூடியது. முந்தி பீங்கானுக்காகப் பொறாமைப்பட்டேன். இப்போது அவள் செய்யாத பிழைக்காகவும் பொறாமைப்படுகிறேன். இந்த வீட்டின் பேரில் தலைகுனிய அவளுக்கு உரிமை இருக்கிறது, எனக்கு அதுகூட இல்லை.

பீங்கான்களை நான் இனிக் கேட்பதில்லை என்று இருந்தேன். பயணத்தன்று பார்த்தால் பழைய சேலைத்துண்டுகளில் பன்னிரண்டையும் சுற்றிப் பெட்டி கட்டி வைத்திருக்கிறாள். "நான் கொடுக்க மாட்டன் எண்டு நினைச்சியளோ? உங்கடை அம்மா உங்களுக்கெண்டு வைச்சது" என்று சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லி அவளைவிட ஒருபடி மேலே நிற்க ஆசைப்பட்டேன். ஆனாலும் கை பெட்டியை வாங்கிக்கொண்டது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஸ்காபரோவில் பெட்டியைத் திறந்து முதலில் அடியைத்தான் கவிழ்த்துப் பார்த்தேன். பொட்டைக் காணவில்லை. அடுத்ததிலும் இல்லை. பதினொன்றில் அடி வெள்ளை வெளேரென்று இருந்தது. கடைசி ஒன்றில் மட்டும் பெயின்ற் பாதி போய்ப் பாதி நின்றது, சுற்றிலும் சுரண்டிய கீறல். உடனே வட்சப்பில் அவளைக் கூப்பிட்டேன்.

"ஓம் மச்சாள், சுரண்டித்தான் விட்டனான்" என்றாள். "உங்கடை கலியாண மேசையளிலை வைக்கிறதெல்லே? எங்கடை ஆக்கள் ஆரும் கவிட்டுப் பாத்திட்டு எழும்பினால் உங்களுக்கெல்லோ வெக்கம். ஒண்டிலை மட்டும் போகேல்லை, நகம்தான் கிழிஞ்சுது. உடையாமல் வந்து சேந்ததோ?"

"ஓம், ஒண்டும் உடையேல்லை" என்றேன். அவளுக்குப் பின்னால் சட்டியில் மீன் கொதிக்கும் சத்தம் கேட்டது. இப்போது எதில் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கவில்லை. புதிதாக ஏதும் வாங்கி, அதற்கும் பொட்டு வைத்திருப்பாள்.

பதினொரு பீங்கானும் அந்த மூலைப் பெட்டியில் இருக்கின்றன. செத்தவர்களின் பீங்கான்களோடு கலந்து வைத்தால், அடியைக் கவிழ்த்துப் பார்த்து எது என்னுடையது என்று எனக்கே சொல்ல ஏலாது. என் நகப்பூச்சால் பொட்டு வைக்கலாம் என்று ஒருநாள் போத்தலைத் திறந்தேன், திரும்ப மூடிவிட்டேன். பன்னிரண்டாவதை மட்டும் வீட்டுக்குள் வைத்திருக்கிறேன். அதில்தான் நான் தினமும் சாப்பிடுகிறேன், குருவியின் மேல் சோறு போட்டு. நேற்று வெள்ளிக்கிழமை, சைவம். இதில் சைவம் சாப்பிடலாமா என்று எனக்கு ஒருநாளும் இல்லாத யோசனை வந்தது. கவிழ்த்துப் பார்த்தேன். பொட்டில் நின்ற பாதி, மச்சம் என்றது. சுரண்டிய பாதி, ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, சோற்றைக் கடதாசித் தட்டில் போட்டு, அதற்கு முன்னால் இருந்து சாப்பிட்டேன்.