ஜோசலின் தேடிய துடிப்புகள்

நாவலூரில் எங்கள் பழைய அலுவலகத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள். அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் ஜோசலின் நினைவு வருகிறது.

சேலையூரிலிருந்து தன் ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டு வருவாள். மருத்துவமனைகளுக்கு இசிஜி கருவி செய்யும் சின்ன நிறுவனம் அது. கருவிக்குள் ஓடும் மென்பொருளை அவள் எழுதினாள், நான் சோதித்தேன். மேலாளர் ஸ்ரீநிவாசன் கையெழுத்து போடாமல் அங்கே ஒரு திருகாணிகூட பூட்டிய அலமாரியை விட்டு வராது. அச்சிடும் காகிதச் சுருளுக்கும் அதே கதி. காத்திருந்து அலுத்து, அச்சிடாமலே, திரையை மட்டும் பார்த்து நான் சோதனை அறிக்கையில் 'சரி' என்று கையெழுத்திட்டு வந்தேன்.

முதல் நாற்பது கருவிகள் கிளம்பும் நாள். பெட்டிகள்மேல் எலுமிச்சம்பழமும் குங்குமமும். ஜோசலின் ஒரு பெட்டியைப் பிரித்தாள். தன் கைகால்களிலேயே கம்பிகளை மாட்டி அச்சிட்டாள். காகிதத்தில் நடுநடுவே துடிப்பைக் காணோம்.

"சார், ஒண்ணு நான் அப்பப்ப செத்துப் பொழைக்கிறேன். இல்ல, மெஷின் பொய் சொல்லுது."

"பூஜை போட்டாச்சும்மா. அடுத்த பேட்ச்ல பாத்துக்கலாம்," என்றார் ஸ்ரீநிவாசன்.

"நெஞ்சு வலின்னு வர்றவருக்கு எலுமிச்சம்பழமா சார் இசிஜி பாக்கும்?"

"சரி, கோளாறு எங்கே?"

"பிராசசர் உங்கள மாதிரி சார். ஒவ்வொரு அளவையும் தானே வாங்கி, தானே மெமரில வைக்குது. பிரிண்டர் கூப்பிட்டா அங்க ஓடிடுது. அந்த நேரத்துல வந்ததெல்லாம் போச்சு. சிப்புக்குள்ளயே டிஎம்ஏன்னு தனி வழி இருக்கு. அளவு நேரா மெமரிக்குப் போயிடும். நிறைஞ்சா மட்டும் பிராசசர கூப்பிடும்."

"அப்போ டெஸ்ட்ல ஓகேன்னு எப்படி வந்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் அச்சிட்டே பாக்கல சார். பேப்பருக்கு உங்க கையெழுத்து கெடைக்கல," என்றேன். அறிக்கையை வாங்கி, என் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தேன்.

"கையெழுத்து இல்லாம எதுவும் நகராதே சார்," என்றாள் ஜோசலின்.

பெட்டிகள் நகரவில்லை. இரண்டு நாளில் அவள் மென்பொருளை மாற்றினாள். மூன்றாம் நாள் கம்பிகளை ஸ்ரீநிவாசனுக்கே மாட்டினோம்.

கோளாறு சரியானதைப் பற்றி ஸ்ரீநிவாசன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்தில் ஜோசலின் பெயர் இல்லை. திருட்டுக்கு அலுவலகங்களில் 'குழு முயற்சி' என்று பெயர். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனால் அந்த மூன்றாம் நாள், அச்சாகி வந்த காகிதத்தில் தன் துடிப்புகளை விரல்வைத்து எண்ணிய ஸ்ரீநிவாசன், ஒன்றுகூட விடுபடவில்லை என்று கண்டதும், அலமாரிச் சாவியை எங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.