கறுத்துப்போன கமராவும் பரமேஸ்வரி அக்காவும்

“தம்பி, நான் கதைக்கிறது அங்க கேக்குதாம். ஆனா என்ர முகம் தெரியேல்லையாம். கறுப்பாக் கிடக்குதாம். ஓடி வாங்கோ.”

பரமேஸ்வரி அக்கா வீட்டுத் தொலைபேசியிலிருந்து இப்படிச் சொன்னபோது நான் கொட்டாஞ்சேனைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். பஸ் இன்னும் பம்பலப்பிட்டியைத் தாண்டவில்லை. கொட்டாஞ்சேனையில் நிசார் நானாவின் வீட்டில் ஒரு பிரிண்டர் எனக்காகக் காத்திருந்தது. இறங்கினேன். காலி வீதியைக் கடந்து, திரும்பி வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். இடம் இருந்தும் உட்கார மனம் வரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

நான் கொழும்பில் வீடு வீடாகப் போய்க் கம்பியூட்டர் திருத்துகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கமிருந்து வந்து, புறக்கோட்டையில் ஒரு கம்பியூட்டர் கடையில் பெட்டி தூக்கினேன். கொஞ்ச நாளில் தூசு ஊதவிட்டார்கள், பிறகு கழற்றவிட்டார்கள், கடைசியில் பூட்டவும் விட்டார்கள். ஆங்கிலத்தில் திரையில் வருகிற சொற்கள் மட்டும் எனக்குத் தெரியும். தெருவில் ஆளைக் கண்டு அடையாளம் பிடிப்பதுபோல, ‘எரர்’, ‘டிரைவர்’, ‘ரீஸ்டார்ட்’ என்பவற்றை உருவத்தை வைத்துப் பிடித்துக்கொள்வேன். மனிதர்களோடு பேசுவதுதான் கஷ்டம். வாடிக்கையாளர் வீட்டில் தேநீர் குடித்து முடித்தபின் கோப்பையை எங்கே வைப்பது என்று கேட்கக் கூச்சப்பட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டே வேலை பார்த்திருக்கிறேன்.

வீட்டில் கம்பியூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கும் பயன்படக்கூடிய சில விஷயங்கள் எனக்குத் தெரியும். அவற்றில் பாதியை அந்த ஒரே நாளில் நான் பயன்படுத்த வேண்டி வந்தது. ஆகவே அந்த நாளையே எழுதுகிறேன்.

அக்காவின் அவசரம்

பரமேஸ்வரி அக்கா ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். கலியாணம் செய்யாதவர். கடற்கரை ரயில் பாதைக்குக் கிட்ட ஒரு தொடர்மாடியில் தனியே இருக்கிறார். தாய் தகப்பன் இல்லாமல் அவர் வளர்த்து ஆளாக்கிய ஒரே தம்பி குகன் லண்டனில். அவருக்கு அன்றைக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன். உள்ளே கொண்டுபோவதற்கு முன் அக்காவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவருடைய மகள் வீடியோ அழைப்புக்கு ஒழுங்கு செய்திருந்தாள். லண்டனில் காலை எட்டு, இங்கே மத்தியானம் பன்னிரண்டரை. எல்லாம் சரியா என்று பார்க்க மகள் காலையில் ஒருமுறை எடுத்துப் பார்த்தபோதுதான் திரை கறுப்பாக இருந்தது தெரிந்திருக்கிறது.

லிப்ட் வேலை செய்யவில்லை. படியேறிப் போனேன். அக்கா கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“போன் இல்லையா அக்கா? டச் போன் ஒண்ணு வச்சிருந்தீங்களே?”

“அது வாளித் தண்ணிக்குள்ள விழுந்து கடைக்காரனிட்டக் கிடக்குது. உங்கட போனில எடுக்கேலாதோ?”

நான் சட்டைப் பையிலிருந்து என்னுடைய பட்டன் போனை எடுத்துக் காட்டினேன். படம் வருகிற போன் என்றால் ஆட்கள் முகம் பார்த்துப் பேசக் கேட்பார்கள் என்ற பயத்தில் நான் அதற்கு மாறவேயில்லை.

“கம்பியூட்டர் திருத்துற ஆளுக்கு இதுவோ போன்!” என்றார் அக்கா. சிரிக்கவில்லை. “முகத்தைக் காட்டு அக்கா எண்டு கேட்டவன். ஒருநாளும் ஒண்டும் கேக்காதவன் தம்பி அவன்.”

லப்டொப் சாமிப்படத்துக்குப் பக்கத்தில், பின்னல் துணி விரித்த சிறிய மேசையில் இருந்தது. சரஸ்வதி பூசை முடிந்து சில நாட்கள்தான். லப்டொப்பின் விளிம்பு முழுக்கச் சந்தனப் பொட்டு, மவுஸுக்கு ஒரு பொட்டு, ரவுட்டருக்கு ஒரு பொட்டு. அந்த மாதத்தில் வெள்ளவத்தையில் பல வீடுகளில் இதைப் பார்க்கலாம். என் கண் அதற்குப் பழகிவிட்டது. பார்த்தும் பார்க்காததுபோல் வேலையைத் தொடங்கினேன்.

நான் தேடிய இடங்கள்

கமரா கறுப்பாகத் தெரிந்தால் பார்க்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வேறு ஏதாவது புரோகிராம் கமராவைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பார்த்து, எல்லாவற்றையும் மூட வேண்டும். மூடினேன். பிறகு செட்டிங்ஸில், பிரைவசி என்ற பகுதியில், கமராவைப் பயன்படுத்த அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொடுத்திருந்தது. அடுத்தது டிவைஸ் மேனேஜர். அங்கே மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் கோளாறு. முக்கோணம் இல்லை.

கமராவைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே இணையத்தில் இலவசப் பக்கங்கள் இருக்கின்றன. எதையும் இறக்கத் தேவையில்லை. பக்கத்தைத் திறந்து அனுமதி கொடுத்தால் உங்கள் முகம் பெட்டிக்குள் தெரியும். யாருக்கும் அழைப்பு எடுக்காமலே கமராவைப் பார்த்துவிடலாம். எதையாவது இறக்கச் சொல்லும் பக்கமென்றால் உடனே மூடிவிடுங்கள். நான் நம்பும் பக்கத்தைத் திறந்தேன். கறுப்பு.

அக்கா பின்னால் நின்று மூச்சுவிடுவது கேட்டது. பாதையில் ரயில் போனது. ஜன்னல் அதிர்ந்தது. என் கால் மேசைக்குக் கீழே தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து என் பட்டன் போன் அடித்தது. நிசார் நானா.

“தம்பி, எங்க ஈக்கிறீங்க? இங்க கம்பியூட்டர் சைரன் அடிக்குது. வைரஸாம். ஒரு நம்பரும் போட்டீக்குது, உடனே கோல் எடுக்கட்டாம். எடுக்கவா?”

“எடுத்துறாதீங்க நானா!” என்று கத்திவிட்டு, அக்காவுக்குத் தொந்தரவு வேண்டாமென்று பல்கனிக்குப் போனேன்.

“எடுக்காட்டி எல்லாம் அழிஞ்சிருமாமே.”

“பொய் நானா. வெப் பக்கம் ஒண்ணுதான் கத்துது. கம்பியூட்டருக்கு ஒண்ணும் ஆகல. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்குங்க.”

“மூணையுமா? எனக்கு ரெண்டு கைதானே ஈக்குது.”

“ஒரு கையே போதும் நானா. விரல் அஞ்சு இருக்குல்ல. லிஸ்ட் ஒண்ணு வரும், அதுல பிரவுசரத் தொட்டு எண்ட் டாஸ்க் குடுங்க. திரும்பத் திறக்கக்குள்ள பழைய பக்கத்தத் திறக்கவான்னு கேட்டா, வேணாம்னு சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் சைரன் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.

“நிண்டுட்டு! ஊட்டுல எல்லாரும் காதப் பொத்திக்கொண்டு குசினிக்குள்ள போய் ஈக்கிறாங்க. பிரிண்டருக்கு எத்தன மணிக்கு வாரீங்க?”

“வாரேன் நானா, வாரேன்.”

இதை எல்லோருக்கும் சொல்கிறேன். திரையில் தானாக வந்து தொலைபேசி எண் கொடுத்துப் பயமுறுத்தினால் அது ஏமாற்று. அந்த எண்ணுக்கு எடுக்கக் கூடாது. அவர்கள் சொல்வதை இறக்கவும் கூடாது.

உள்ளே வந்தேன். திரையில் நீலப் பின்னணியில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

“என்னக்கா செஞ்சீங்க?”

“நான் ஒண்டும் செய்யேல்லைத் தம்பி. அது என்னவோ கேட்டுது. நல்லதுக்குத்தான் கேக்குது எண்டு ஓம் எண்டு அமத்தினனான்.”

அப்டேட். கம்பியூட்டரை நிறுத்த வேண்டாம் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. இடையில் நிறுத்தினால் திரும்ப எழும்பாமலே போகலாம். முக்கியமான அழைப்பு இருக்கிற நாளில் அப்டேட் கேட்டால் ‘பிறகு’ என்பதை அழுத்துங்கள். முடிந்தால் முதல் நாளே செய்துவிடுங்கள். இதையெல்லாம் அப்போது அக்காவிடம் சொல்லி என்ன பயன்?

வட்டம் சுற்றிய நேரம்

சுவர்க்கடிகாரத்தைப் பார்ப்பதும், வட்டத்தைப் பார்ப்பதும், பல்கனிக்கும் மேசைக்கும் நடப்பதுமாக இருந்தேன்.

“இருங்கோ தம்பி. நீங்கள் நடக்கிற நடைக்கு எனக்குத் தலை சுத்துது.”

இருந்தேன். மறுபடி எழும்பினேன்.

“நான் எத்தினை பேரை ஒப்பரேஷனுக்கு அனுப்பியிருப்பன்,” என்றார் அக்கா. “சொந்தக்காரர் வாசலில நிண்டு அழேக்க, ‘ஒண்டுமில்லை, பயப்பிடாதேங்கோ’ எண்டு சொல்லி அவையை வெளியால தள்ளி விட்டனான். இண்டைக்கு என்னையும் ஒராள் அப்பிடித் தள்ளினா நல்லாயிருக்கும்.”

ஏதாவது ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். சார்ஜர் வயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

ஒருவழியாக வட்டம் நின்றது. பாஸ்வேர்டை அக்கா இரண்டுதரம் பிழையாக அடித்தார். மூன்றாம் தரம் திறந்தது. இதற்குள் கடல் பக்கம் மழை இருட்டிவிட்டது. அறையில் வெளிச்சம் குறைந்திருந்தது. சோதனைப் பக்கத்தை மறுபடி திறந்தேன்.

கறுப்புத்தான். ஆனால் இந்த முறை வேறொன்றைக் கண்டேன். திரையின் மேல் விளிம்பில், நடுவிலிருந்த சந்தனப் பொட்டின் ஓரத்தில், உள்ளேயிருந்து மினுக்கென்று ஒரு சிறு வெளிச்சம் கசிந்தது.

அது கமராவின் விளக்கு. விளக்கு எரிகிறதென்றால் கமரா வேலை செய்கிறது. வேலை செய்தும் கறுப்பாகத் தெரிந்தால், அதன் முன்னால் ஏதோ மறைக்கிறது.

“அக்கா, இந்த நடுப்பொட்டு…”

“அதுவோ? அந்த இடத்தில சின்னப் புள்ளி ஒண்டு இருந்தது. அதுக்கு மேல வைச்சா நெத்தியில வைச்ச மாதிரி வடிவா நடுவில வரும் எண்டு வைச்சனான்.”

“அதுதாங்க கமராவோட கண்ணு.”

பையிலிருந்து துணியை எடுத்தேன். ஒரு நொடி வேலை. கையைக் கொண்டுபோகும்போது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“தொடாதேங்கோ!”

“அக்கா, துடைச்சா சரியாயிரும்.”

“பூசைக்கு வைச்ச பொட்டுத் தம்பி. சந்தனத்துக்கு மேல குங்குமமும் வைச்சிருக்கு. அவன்ர நெஞ்சைத் திறக்கிற நாளில என்ர கையால பொட்டை அழிக்கச் சொல்லுறியளோ? ஏலாது.”

“உங்க கையால வேணாம், நான் அழிக்கிறேன்.”

“ஆர் அழிச்சாலும் அழிச்சதுதான்.”

அந்த நேரத்தில் லப்டொப் மணி அடிக்கத் தொடங்கியது. திரையில் குகனின் மகளின் பெயர். அக்கா என் கையை விடவில்லை. அவருடைய கண் மணி அடிக்கும் திரையிலும் பொட்டிலும் மாறி மாறிப் போனது. அவருக்கு முகத்தைக் காட்டவும் வேண்டும், பொட்டு அழியவும் கூடாது. அந்த மணி எத்தனை தரம் அடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

“அழிக்க வேணாங்க அக்கா. விரலால எடுத்து உங்க நெத்தியில வைங்க.”

அக்கா என்னைப் பார்த்தார். கையை விட்டார். மோதிர விரலால் சந்தனத்தையும் குங்குமத்தையும் சேர்த்து வழித்தார். வழித்ததைத் தன் நெற்றியில் வைத்தார். நான் அழைப்பை எடுத்தேன்.

“அக்கா!” கட்டிலில் சாய்ந்திருந்த ஒருவர் தெரிந்தார். “தெரியிறியள்! ஆனா என்ன, சிவப்பாய்த் தெரியிறியள். என்னோட கோவமோ?”

கமராவில் குங்குமம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. நான் அக்காவைப் பார்த்தேன்.

“இனித் துடையுங்கோ தம்பி,” என்றார் அக்கா. “பொட்டு என்னட்ட வந்திட்டுது.”

துடைத்தேன்.

“இப்ப வடிவாத் தெரியுது. என்னக்கா, பொட்டு இவ்வளவு பெரிசா?”

“உனக்கு வைச்சதடா. வாயை மூடிக்கொண்டு பார்.”

நான் பல்கனிக்குப் போய்விட்டேன். மழை பெய்யத் தொடங்கியிருந்தது. பின்னால் என்ன பேசினார்கள் என்பது எனக்குக் கேட்டது. அது அவர்களுடையது, எழுதமாட்டேன். அக்கா கடைசியாகச் சொன்னதை மட்டும் சொல்கிறேன். “ஒண்டுமில்லை, பயப்பிடாதே. போயிட்டு வா.” அது தாதியின் குரல்.

பிறகு

அடுத்த நாள் நிசார் நானாவின் பிரிண்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அக்காவின் அழைப்பு வந்தது. “கண் முழிச்சிட்டானாம்” என்றார். உடனே வைத்துவிட்டார். நான் ஸ்க்ரூ ஒன்றைக் கீழே போட்டு, நிசார் நானாவையும் சேர்த்துத் தேடவைத்தேன்.

அன்றிலிருந்து என் வரிசையை மாற்றிவிட்டேன். செட்டிங்ஸைத் திறப்பதற்கு முன் பொருளை ஒருதரம் சுற்றிவரக் கண்ணால் பார்க்கிறேன். விளக்கு எரிகிறதா, வயர் இறுகியிருக்கிறதா, ஏதாவது மறைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். கண் பழகிய இடத்தை இரண்டுதரம் பார்ப்பேன். சரஸ்வதி பூசை வருகிறது என்றால், “மூடிக்கு வெளிப்பக்கம் பொட்டு வைங்க, கமராவிலயும் திரையிலயும் வைக்காதீங்க” என்று எல்லா வீட்டிலும் சொல்கிறேன். ஈரம் பட்டால் திரை கெட்டுவிடும்.

அடுத்த வருடப் பூசைக்கு முதல் நாள் ரவுட்டர் மாற்ற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். குகன் திரையில் இருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். மூடியின் வெளிப்பக்கம் ஒரு பொட்டு வைத்தார். என்னைப் பார்த்து, “இது சரிதானே?” என்றார்.

“சரிங்க அக்கா.”

“அக்கா, எனக்கு?” என்றார் குகன். முகத்தைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். திரை முழுக்க அவருடைய நெற்றிதான் தெரிந்தது.

அக்கா சந்தனத்தை எடுத்து, திரையில் அந்த நெற்றியின் நடுவில் வைத்தார்.

நான் பார்த்தும் பார்க்காததுபோல் குனிந்து ரவுட்டரின் வயரைச் செருகினேன்.