என் பேரில் இருந்த துவக்கு

துவக்கு என் பேரில்தான் இருந்தது. இதைச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மேற்கே காட்டோரம் இருக்கிற நாலு ஏக்கர் வயல் என் உம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது, காணி உறுதிப் பத்திரத்தில் என் பேர். பயிர் காக்கத் துவக்கு வேண்டுமென்றால் காணி யார் பேரிலோ அவருக்குத்தான் லைசன்ஸ். அதனால் காலமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ படிப்பித்துப் பென்சன் எடுத்த நான் லைசன்ஸ்காரி. சுடுவது என் மாப்பிள்ளை, மகளின் வாப்பா. எங்கள் பக்கத்தில் பல வீட்டில் இதுதான் நடப்பு. காணியும் கடுதாசியும் பொம்பிளைக்கு, சுடுவதும் சுட்ட கதையை அளப்பதும் ஆம்பிளைக்கு.

அந்த வயல் எனக்குப் பிறகு எங்கள் ஒரே மகளுக்கு. அது பேசி முடிந்த விசயம். ஆனாலும் இவர் இடைக்கிடை, "காணிய ஆம்பிளட பேர்ல வெச்சா ஒஃபிஸ் வேலையெல்லாம் லேசு" என்று ஒரு சொல்லைப் போட்டுப் பார்ப்பார். நான் காதில் வாங்காத மாதிரி எழும்பிப் போய்விடுவேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான் சமாளித்து வந்தேன்.

போன பெரும்போகத்தில் கதிர் பால் பிடிக்கிற நேரம் காட்டுப்பன்றி வயலுக்குள் இறங்கியது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை, 'அது' என்போம். சுபஹ் தொழுதுவிட்டு இவர் துவக்கோடு போனார். மூன்று விடியல், மூன்று வெடி, ஒன்றும் படவில்லை. முதல் நாள் காற்று பிழை என்றார். அடுத்த நாள் பனி பிழை. மூன்றாம் நாள் தோட்டா பிழை.

"உங்கட கண்ணில வெள்ள படந்திருக்கு. ஆசுபத்திரியில கொண்டு காட்டுங்க" என்றேன்.

"என்ட கண்ணுக்கு ஒண்டுமில்ல புள்ள. கடைத் தோட்டா சரியில்ல. ஒண்டு மேல போகுது, ஒண்டு பக்கத்தால போகுது. நேராப் போற தோட்டாவ நாமதான் அடைச்செடுக்க வேணும்."

அங்கே தொடங்கியது சனியன். சாய்ந்தமருதில் படகு எஞ்சின் திருத்துகிற ஒரு கூட்டாளி இவருக்கு இருக்கிறார். எதையும் கழற்றுவார், எதையும் பூட்டுவார், எல்லாம் தெரியும் என்பார். சுட்டு முடிந்த வெறுந்தோட்டாவில் மருந்தும் ஈயக்குண்டும் திரும்ப அடைத்து, வாயை மெழுகால் மூடி, புதுசு மாதிரி ஆக்குகிற வித்தை அவருடையது. அது சட்டத்துக்கு முற்றிலும் மாறு. இரண்டு பேருக்கும் அது நன்றாகத் தெரியும். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு குசினிக்குள் போகிறேன், நான் கேக் அடிக்க மா நிறுக்கிற தராசில் கறுப்புத் தூள் கிடக்கிறது. பக்கத்தில் இந்த இரண்டு பேரும் குழந்தைப் பிள்ளைகள் மாதிரிக் குந்திக்கொண்டிருக்கிறார்கள்.

"அல்லாவே! என்ட தராசிலயா வெடிமருந்து நிறுக்கிற?"

"கத்தாத புள்ள. ஒரு மணி கூடினாலும் குறைஞ்சாலும் குண்டு வேற பக்கம் போயிரும்."

"குண்டு எந்தப் பக்கமும் போகட்டும். பிடிபட்டா மறியலுக்குப் போறது ஆரு? லைசன்ஸ் ஆர்ர பேர்ல இருக்கு?"

"ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார் கூட்டாளி. என் குசினிக்குள் குந்திக்கொண்டு, என் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு சொல்கிறார்! தராசைப் பறித்துக்கொண்டு போய்க் கழுவினேன். அதற்குப் பிறகு அந்தத் தராசில் கேக் அடிக்க எனக்கு மனம் வரவேயில்லை.

அடைத்தால் மட்டும் போதாதாம், சுட்டுப் பார்த்துப் பதம் பிடிக்க வேண்டுமாம். அதற்கு ஒரு பெரிய மட்டை தேவைப்பட்டிருக்கிறது. அலுமாரிக்கு மேலே நான் சுற்றி வைத்திருந்த வகுப்பறைப் படங்களைக் கேளாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். 'அணில்', 'ஆடு', 'இலை' என்று என் கையால் எழுதிச் சாயம் தீட்டிய படங்கள் அவை. பின்பக்கம் வட்டம் கீறி வயல் வரம்பில் நட்டு, மண் மூட்டையில் துவக்கைச் சாய்த்துச் சுட்டிருக்கிறார். சுட்டுச் சுட்டு மருந்தைக் கொஞ்சம் கூட்டுவதும் குறைப்பதும், குண்டை மாற்றுவதும், திரும்ப அடைப்பதும் சுடுவதுமாக மூன்று கிழமை போனது. வீட்டில் வேறு கதையே இல்லை. சோறு தின்னும்போதும் தோட்டா, தொழுதுவிட்டு வந்தாலும் தோட்டா.

கடைசியில் ஒருநாள் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஐந்து ஓட்டை. பிளேன்ரீக் கோப்பைக்கு அடியில் வைக்கிற பீரிசை வைத்தால் ஐந்தும் மூடும்.

"பாத்தியா? இதுதான் பதம்! நான் சொன்னனே!"

பொய் சொல்லக் கூடாது, ஓட்டைகள் நெருக்கமாகத்தான் இருந்தன. அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து ஒரு நிமிசம் எனக்கும் பாவமாக இருந்தது. ஆனால் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என்னுடைய ஆட்டின் வயிறு கிழிந்து தொங்கியது. பாவமெல்லாம் போய்விட்டது.

"அசையாம நிக்கிற மட்டைக்கு மூட்டையில சாச்சி வெச்சிச் சுட்டா எனக்கும் படும். 'அது' நிண்டு தருமா? நீங்க பதம் பிடிச்ச மூணு கிழமையும் 'அது' வந்து கீழ்ப்பக்கத்து வரவை வயல முழுக்கக் கிண்டித் திண்டுட்டுப் போயிருக்கு. வயலுக்குப் போற மனிசன், வயலப் பாத்தீங்களா?"

தோட்டாவைக் கண்ட மனிசன் கதிரைக் காணவில்லை.

அந்த நேரம் பார்த்து லைசன்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்தது. லைசன்ஸ்காரர் நேரே போக வேண்டும். துவக்கையும், மீதித் தோட்டாவையும், சுட்ட வெறுந்தோட்டாவையும் காட்ட வேண்டும். உறுதியின் பிரதியும் வேண்டும். "கையால அடைச்ச தோட்டா ஒண்டும் இதுக்குள்ள இல்லியே?" என்று கேட்டேன். "எல்லாம் பிரிச்சி வெச்சிட்டன், நீ பயப்பிடாத" என்றார். பையை அவர்தான் கட்டினார். நான் நம்பிவிட்டேன். இவரும் என்னோடு கூட வந்தார்.

அலுவலகத்தில் இருந்தவர் வயதில் என் மகளைவிட இரண்டு மூன்று மூத்திருப்பார். மரியாதையான பிள்ளை. "இருங்க டீச்சர்" என்று கதிரை போட்டுத் தந்தார். பையை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தவர், ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தார். அதன் வாயில் மஞ்சள் மெழுகு.

"இது என்ன டீச்சர்?"

இவரைப் பார்த்தேன். இவர் மேலே சுழல்கிற ஃபேனைப் பார்த்தார்.

"டீச்சர், இது வீட்டில அடைச்ச தோட்டா. ஆரு அடைச்ச?"

இப்போதாவது வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். 'நான்தான் சேர்' என்று இரண்டு சொல். ஆண்பிள்ளைக்கு அவ்வளவு கஷ்டமான சொல்லா அது? இவர் தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்:

"சேர், அவவுக்கு இதுகள் ஒண்டும் தெரியா."

ஒண்டும் தெரியாதாம்! அடைத்தது தான் என்று சொல்ல வாய் வரவில்லை, நான் ஒன்றும் தெரியாதவள் என்று சொல்ல மட்டும் வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வகுப்பில் பிழை செய்த பிள்ளைகள்கூட என் முகத்தைப் பார்த்து "நான்தான் டீச்சர்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

"லைசன்ஸ் டீச்சர்ர பேர்ல. அப்ப டீச்சர்தான் பதில் சொல்ல வேணும்" என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தணித்தார். "இதப் பொலிசுக்கு அனுப்பினா வழக்கு. துவக்கை இண்டைக்கே ஒப்படைச்சி எழுதித் தந்தா, மேலிடத்தில கதைச்சி எச்சரிக்கையோட முடிக்கப் பாக்கிறன்."

இவர் அப்போதுதான் கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

"சேர், லைசன்ஸ என்ட பேருக்கு மாத்தேலாதா?"

"காணி உங்கட பேர்ல இருந்தா நீங்க புதுசா விண்ணப்பிக்கலாம்."

இவருடைய முகம் மலர்ந்ததே, அதை நான் மவுத்தாகும் வரை மறக்க மாட்டேன். அந்த ஐந்து ஓட்டையைக் காட்டிய நாளில்கூட அப்படி மலரவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"அது பெரிய வேலையா? மாத்திருவம். என்ன புள்ள?"

தோட்டா அடைத்தவர் இவர், மாட்டிக்கொண்டவள் நான், அதற்குத் தீர்வு என் காணியை இவருக்கு எழுதுவதாம்! அதிகாரி குனிந்து கடுதாசியைப் புரட்டினார். அந்தப் பிள்ளைக்கே சங்கடமாகப் போய்விட்டது.

"தம்பி, எங்க கையெழுத்து வெக்கிற?" என்று கேட்டேன்.

துவக்கை மேசையில் வைத்தேன். ஒப்படைக்கும் கடுதாசியில் என் முழுப் பேரையும் எழுதிக் கையெழுத்திட்டேன். உறுதியின் பிரதியை மட்டும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினேன்.

ஓட்டோ காரைதீவைத் தாண்டியது. இவர் மெதுவாக, "நான் கெட்ட எண்ணத்தில கேக்கல்ல. மகளுக்குக் குடுக்கக்குள்ள எப்படியும் மாத்தத்தானே வேணும்" என்றார்.

"ஓம், மாத்துவன்" என்றேன். "மகள்ட பேருக்கு."

தப்பிய கதிரை வெட்டி முடியும் வரை நானும் இவரும் விடிய விடிய வரம்பில் நின்று தகரம் தட்டினோம். வெட்டு முடிந்த கிழமை, உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போய் நாலு ஏக்கரையும் மகளுக்கு எழுதினேன். நான் உயிரோடு இருக்கும்வரை விளைச்சல் எனக்கு என்று ஒரு வரியும் போடச் சொன்னேன், நான் ஒன்றும் முட்டாள் இல்லை. சாட்சிக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டும் என்றார் நொத்தாரிசு. வாசலில் செருப்போடு நின்றவரை உள்ளே கூப்பிட்டேன்.

"கையெழுத்த நீங்க வைங்க."

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உறுதியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தார். பிறகு சாட்சிக்கு விட்ட இடத்தில் தன்னுடைய பேரை எழுதினார். அந்தக் கடுதாசியில் அவருடைய பேர் இருந்தது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான்.