பத்தியத்தில் விழுந்த செத்தல் மிளகாய்

சபா அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது என் குசினியில் மல்லித் தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. மல்கிரேவிலிருந்து அவருடைய மகன்தான் தொலைபேசியில் அழைத்தான். "அன்ரி, அப்பா விடியப்புறம் நித்திரையிலயே போட்டார்" என்றான். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு வாயில் வந்தது, "நான் அவற்ற மல்லித் தண்ணிதான் ராசா வைச்சுக்கொண்டிருக்கிறன்" என்பது மட்டுமே. அழுகையும் சிரிப்புமாக அவன் சொன்னான்: "இஞ்ச அடுப்பிலயும் அதுதான் அன்ரி."

தொழிலால் அவர் கணக்காளர். ஆசையால் வைத்தியர். அவரை அறிந்த உங்களில் யாராவது அவர் முன்னால் ஒரு தரமாவது நிம்மதியாகத் தும்மியிருக்கிறீர்களா? தும்மி முடிப்பதற்குள் கோப்பை கைக்கு வந்துவிடும். தடிமனுக்கு மல்லி, வயிற்றுக்கு ஓமத் தண்ணி, நெஞ்சுச் சளிக்கு யூகலிப்டஸ் இலை ஆவி, மற்ற எல்லாவற்றுக்கும் உள்ளிப்பூண்டு. "டொக்டருக்கு மருந்து தெரியும், எனக்கு உங்கட வயிறு தெரியும்" என்பார். அவருடைய வைத்தியத்தில் பாதி பிழை என்று இப்போது துணிந்து எழுதுகிறேன். அவர் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டார், அந்தப் பாதிக்கும் நின்று விளக்கம் சொல்லியிருப்பார்.

எழுபதுகளின் நடுவில் மெல்பேர்ணின் டண்டினொங்கில் ஒரு மாடிக் குடியிருப்பில் நாங்கள் கீழே இருந்தோம், அவர் மேலே இருந்தார். அப்போது அவருக்குக் கலியாணமாகவில்லை. அந்தத் தெருவில் தமிழ் பேச எங்களை விட்டால் அவருக்கு ஆளில்லை, எங்களுக்கும் அவரை விட்டால் ஆளில்லை. அந்தக் குளிர்காலத்தில்தான் என் மகள் கலா பிறந்தாள்.

ஆஸ்பத்திரியில், பிள்ளை பெற்ற அன்றே ஐஸ்கிறீம் கொண்டுவந்து நீட்டினார்கள். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்கு ஐஸ்கிறீம்! நல்ல மனதோடுதான் தந்தார்கள், ஆனால் எனக்கு அதைப் பார்த்ததும் கண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் ஒன்றும் தொண்டையால் இறங்கவில்லை. பால் போதாமல் பிள்ளை கத்துவாள். நானும் அவளோடு சேர்ந்து அழுவேன். அம்மா யாழ்ப்பாணத்தில், நினைத்தவுடன் வரக்கூடிய தூரமா? ஒரு நாள் கணவரிடம் சொல்லிவிட்டேன்: "பிள்ளையோட என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கோ. நான் இனித் திரும்பி வரமாட்டன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெட்டியையும் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே வைத்துவிட்டேன். அவர் பாவம், செய்வதறியாமல் மேல் மாடிக்கு ஏறினார்.

சபா அண்ணை இறங்கி வந்து அறைக்கு வெளியே நின்றுகொண்டு பேசினார்.

"தங்கச்சி, போறதெண்டால் போ. ஆனால் வெறும் வயித்தோட போகக்கூடாது. பத்தியக் கறி திண்டுபோட்டுப் போ."

"இஞ்ச எனக்கு ஆர் அண்ணை பத்தியம் வைக்கிறது?"

"ஏன், நான் செத்துப்போனனோ?"

எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு என்கிற சுக்கு எல்லாம் வறுத்து இடித்துச் சரக்குத் தூள் செய்வார்கள். அதில் உள்ளியை அள்ளிப் போட்டு, பால் சுரக்கட்டும் என்று சுறா மீனில் கறி வைப்பார்கள். மெல்பேர்ணில் சுறாவுக்கு எங்கே போவது? சபா அண்ணை மீனும் சிப்ஸும் விற்கும் கிரேக்கரின் கடைக்குப் போய் விசாரித்திருக்கிறார். எல்லாரும் 'ஃபிளேக்' என்று வாங்கித் தின்பது சுறாவேதான் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். "மாவும் வேண்டாம், பொரிக்கவும் வேண்டாம், பச்சையாத் தா" என்று இவர் கேட்டதற்கு, "பூனைக்கா?" என்றாராம் அந்த மனிதர். பிள்ளை பெற்றவளுக்கு என்றதும் ஒரு துண்டு கூடுதலாகச் சுற்றிக் கொடுத்தாராம். சபா அண்ணை வாசலிலேயே கத்திக்கொண்டு வந்தார்: "தங்கச்சி, இந்தச் சனம் இவ்வளவு நாளும் சுறாவெல்லோ திண்டுகொண்டிருக்குது! ஊர் முழுக்கப் பத்தியம்!"

பிறகு என் குசினியில் சரக்கு வறுக்கத் தொடங்கினார். தொடங்குமுன், பிள்ளை பெத்த உடம்பில் காற்றுப் படக்கூடாது என்று வீட்டுச் சன்னல்கள் எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டினார். கதவின் கீழ் நீக்கலைத் துவாயால் அடைத்தார். அதற்குப் பிறகுதான் ஒரு கை நிறையச் செத்தல் மிளகாயைச் சட்டியில் போட்டார்.

ஐயோ, அந்தக் காரல்! கணவர் இருமிக்கொண்டே என்னையும் பிள்ளையையும் வெளியே இழுத்துவந்தார். மாடிப்படி வழியாக மற்ற வீட்டுக்காரரும் இருமிக்கொண்டு இறங்கினார்கள். பக்கத்து வீட்டு மிஸிஸ் கெலி ஃபயர் பிரிகேடுக்கே ஃபோன் அடித்துவிட்டார். இரவுடுப்பும் கம்பளியுமாக எல்லாரும் புல்லில் நிற்க, சிவப்பு வண்டி வந்து நின்றது. உள்ளே போன தீயணைப்பு வீரர் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "என்ன இது?" என்று கேட்டார். சபா அண்ணை அகப்பையோடு முன்னே வந்தார். கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடுகிறது. ஆனாலும் நிமிர்ந்து நின்று, "மெடிசின், சேர்" என்றார்.

"யாருக்கு?"

என்னைக் காட்டினார்.

அந்த மனிதர் என்னையும் பிள்ளையையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "அம்மா, உன்னைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை பெற்ற பிறகு அதுதான் முதல் சிரிப்பு. தையல் இழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தேன். கணவர் சிரித்தார். மிஸிஸ் கெலியும் மூக்கைச் சிந்திவிட்டு, கிழமைக் கணக்காக அடைத்திருந்த மூக்கு திறந்துவிட்டது என்றார். "பாத்தியோ!" என்றார் சபா அண்ணை. அன்றைக்கு அவரைப் பிடிக்க முடியவில்லை.

கறி நெருப்பாக உறைத்தது. சட்டியை வழித்துச் சாப்பிட்டேன். கறியாலோ சிரிப்பாலோ, பால் வந்தது. கலா வயிறு நிறையக் குடித்துவிட்டு உறங்கினாள். பெட்டியை நானே காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அம்மா பிறகு ஒரு தரம் வந்தபோது, சபா அண்ணை தன் தூளைப் பெருமையாகக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, பத்தியச் சரக்குக்கு ஆரும் இப்பிடிச் செத்தல் அள்ளிப் போடுவினமோ?" என்று கேட்டா. சபா அண்ணையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அப்ப அவ்வளவு புகையும் சும்மாவோ அம்மா?" என்றார். "சும்மாவோ? இந்தப் பெட்டைக்கு இவ்வளவு வாய் பிறகு எங்கயிருந்து வந்தது?" என்று அம்மா கலாவைக் காட்டினா. அதற்குப் பிறகு யாருடைய பிள்ளைப்பேற்றுக்குத் தூள் செய்தாலும், "பிழையான சரக்கு கொண்டுவந்திருக்கிறன்" என்று சொல்லித்தான் கொடுப்பார். ஆனால் மிளகாயை மட்டும் குறைக்கவில்லை.

செத்தவீடு முடிந்த மறுநாள், சிட்னியிலிருந்து வந்திருந்த கலா, "அம்மா, சபா அங்கிள்ட தூள் செய்வமா?" என்று கேட்டாள். வறுத்தோம். சன்னலைத் திறக்கப் போனவளை, "கொஞ்ச நேரம் பூட்டியே கிடக்கட்டும்" என்று தடுத்தேன். கூரையில் இருந்த புகைமணி அலறத் தொடங்கியது. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து கதவைத் தட்டி, என்ன நடக்கிறது என்று கேட்டான். கலாதான் அகப்பையோடு போனாள். கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓட, நிமிர்ந்து நின்று, "இட்ஸ் மெடிசின்" என்றாள்.

சபா அண்ணை, உங்களுடைய பிழை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. நாங்கள் அதைத் திருத்தமாட்டோம்.