நான் முடித்துவைத்த வசனம்

கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் பேச்சுச் சிகிச்சையாளர். பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களின் வீட்டாரிடம் தவறாமல் ஒன்றைச் சொல்வேன்: "அவையள் சொல்லி முடிக்குமட்டும் பொறுத்திருங்கோ. இடையில நீங்கள் எடுத்துச் சொல்லாதேங்கோ."

போன வருடம் அக்கராயனிலிருந்து வசந்தி எங்கள் பிரிவுக்கு வேலைக்கு வந்தாள். கெட்டிக்காரி. ஆனால் அவளுக்கே பேச்சுத் திக்கும்.

ஒருநாள் பக்கவாதத்தில் பேச்சிழந்த முல்லைத்தீவுக் கடற்றொழிலாளி ஒருவருக்குப் பயிற்சியை விளக்கத் தொடங்கியவள், முதல் வசனத்திலேயே தடக்குப்பட்டு நின்றாள். அவருடைய மனைவி என் பக்கம் திரும்பினார்.

"திக்கிற பிள்ளையோ இவருக்குக் கதைக்கப் பழக்கப்போறது? நீங்களே பாருங்கோ மிஸ்."

வசந்திக்கும் அது கேட்டது. நானோ, "ஓம் அம்மா" என்று தலையாட்டிவிட்டு, அவள் தொடங்கிய வசனத்தை நானே முடித்தேன். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்று கிழமையாக வாய் திறக்காத அந்த மனிதர் இடக்கையைத் தூக்கி என்னை மறித்தார். வசந்தியைப் பார்த்து, வாய் கோணக் கோண, "நீ... நீ... சொல்லு" என்றார்.

அவள் சொன்னாள். நேரமெடுத்தது. எல்லோரும் காத்திருந்தோம்.

வெளியே வந்ததும், "மன்னிச்சுக்கொள் வசந்தி" என்றேன்.

"ப... ப... பழகிப்போச்சு அக்கா."

இந்த முறை அவள் முடிக்குமட்டும் பொறுத்திருந்தேன். ஆனால் அவளுக்கு அதைப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தி.